காருக்குள் எது பேசுகிறது, எதை அணைக்கலாம்? சேலம் – ஏற்காடு பாதையை வைத்து ஒரு விளக்கம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கிட்டத்தட்ட 30 கி.மீ. அந்த ஒரு மணி நேரத்துக்குள் இன்றைய கார் ஒன்று எத்தனை முறை வாய் திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். போன் வழி சொல்கிறது. ஸ்டீரியோ பாட்டை நிறுத்தி எதையோ காட்டுகிறது. டேஷ்போர்டு 'டிங் டிங்' என்கிறது. பம்பரில் உள்ள சென்சார் கத்துகிறது. எரிச்சலில் ஓட்டுநர் கையில் கிடைத்த பட்டனை அமுக்குகிறார். நிற்க வேண்டிய ஒலி நிற்காமல், நிற்கக்கூடாத ஒலி நின்றுபோகிறது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், எல்லா ஒலியும் ஒரே ஸ்பீக்கரில் வருவதால் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருவதாக நினைப்பதுதான். உண்மையில் அவை வெவ்வேறு கருவிகள். ஒன்றை அணைக்கும் வழி இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஆகவே முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும்.

ஒலி வரும் ஐந்து இடங்கள்

1. போனில் ஓடும் வழிகாட்டிச் செயலி: கூகுள் மேப்ஸ், வேஸ், மேப்பிள்ஸ் போன்றவை. முழு வாக்கியமாகப் பேசுவது பெரும்பாலும் இதுதான்.

2. காரோடு வந்த நேவிகேஷன். வரைபடம் காரின் திரைக்குள்ளேயே சேமிக்கப்பட்டிருக்கும். போன் இல்லாமலும் பேசும்.

3. ஸ்டீரியோவின் ரேடியோப் பகுதி. ஐரோப்பிய வடிவமைப்புள்ள கார்களில் 'டிஏ' (போக்குவரத்து அறிவிப்பு) என்ற பட்டனோ மெனுவோ இருக்கும். இதைப் பற்றிப் பின்னால்.

4. சட்டப்படி காரில் வைத்தே தீர வேண்டிய எச்சரிக்கைகள்: வேகம், சீட் பெல்ட், ரிவர்ஸ் சென்சார்.

5. கேமராவும் ரேடாரும் கொண்ட ஓட்டுநர் உதவி அமைப்புகள். சுருக்கமாக 'ஏடாஸ்' என்பார்கள். முன்னால் மோதப் போகிறது, கோடு தாண்டுகிறது என்று எச்சரிப்பவை.

அடையாளம் காண எளிய சோதனை ஒன்று உண்டு. வண்டி நிற்கும்போது போனின் புளூடூத்தை அணைத்து, கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஓட்டும்போது வாக்கியமாகப் பேசும் குரல் போய்விட்டால் அது போன். குரல் தொடர்ந்தால் காரின் சொந்த நேவிகேஷன். பேச்சு எதுவும் இல்லாமல் வெறும் 'பீப்' மட்டும் என்றால் நான்காவது, ஐந்தாவது வகைகளில் ஒன்று. ஸ்டீரியோவை முழுக்க அணைத்த பிறகும் பீப் வருவது இவை மட்டுமே.

வழிகாட்டி தன் இடத்தை எப்படி அறிகிறது

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் நேரத்தையும் இடத்தையும் ஒலிபரப்புகிறது. சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து போன் தூரத்தைக் கணக்கிடுகிறது. இடம், உயரம், நேரம் மூன்றும் தெரிய குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தேவை. திறந்த வெளியில் ஒரு ஸ்மார்ட்போன் ஏறத்தாழ 5 மீட்டர் பிழைக்குள் இடம் சொல்லும். இந்தியாவின் நாவிக் போன்ற பிற அமைப்புகளையும் சேர்த்துக் கேட்கும் போன்களில் வானம் மறைந்த இடங்களில் கொஞ்சம் கூடுதல் நிதானம் கிடைக்கும்.

5 மீட்டர் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செயலி அந்தப் புள்ளியை அப்படியே காட்டுவதில்லை. 'இவர் காரில் போகிறார், கார் ரோட்டில்தான் இருக்கும்' என்று வைத்துக்கொண்டு, பக்கத்தில் உள்ள ரோட்டின் மேல் புள்ளியை ஒட்டவைக்கிறது. தவறுகளில் பெரும்பகுதி பிறப்பது இந்த ஒட்டவைக்கும் வேலையில்தான். பக்கத்தில் இரண்டு ரோடு இருந்தால் எதில் ஒட்டுவது? சேலத்திலும் மலையிலும் இதற்கு மூன்று வகை உதாரணம் உண்டு.

முதலாவது, சேலத்தின் ஐந்து ரோடு சந்திப்பு. 2020 ஜூனில் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தில் கீழே ஒரு சாலை, அதற்கு மேல் ஒரு தளம், அதற்கும் மேல் இன்னொரு தளம். மேலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே இடம். ஜிபிஎஸ் உயரமும் சொல்லும் என்றாலும், உயரத்தில் வரும் பிழை கிடைமட்டப் பிழையைவிட அதிகம். தளங்களுக்கு இடையே உள்ள சில மீட்டர் வித்தியாசத்தைப் பிரித்தறிய அது போதாது. பாலத்துக்கு அடியில் போனால் வானமே மறைந்துவிடும். அப்போது போன் கடைசியாகத் தெரிந்த திசையையும் வேகத்தையும் வைத்து ஊகிக்கிறது. அதனால்தான் கீழே புதிய பஸ் நிலையம் பக்கம் போக வேண்டியவருக்கு 'நேராகச் செல்லவும்' என்றும், மேலே போகிறவருக்கு 'இடதுபுறம் திரும்பவும்' என்றும் குரல் வருகிறது. 2024 ஜூலையில், மேம்பாலம் வருவதை முன்கூட்டியே சொல்லும் வசதியை இந்திய நகரங்களுக்கென கூகுள் அறிவித்தது. பாலம் ஏற வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு அது உதவும். ஏறிய பிறகு எந்தத் தளத்தில் இருக்கிறோம் என்பது வேறு கேள்வி. குரங்குச்சாவடிப் பக்கமிருந்து வருகிறவர்கள் பாலம் ஏறும் முன் திரையையோ பெயர்ப்பலகையையோ பார்த்து முடிவு செய்துவிட்டு, பாலம் முடியும்வரை குரலைப் பொருட்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, சர்வீஸ் ரோடு. கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டி பகுதிகளில் தேசிய நெடுஞ்சாலையும் அதன் சர்வீஸ் ரோடும் ஒட்டியே ஓடுகின்றன. இடைவெளி 10, 15 மீட்டர்தான். செயலிக்கு நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று உறுதியாகத் தெரியாது. 80 கி.மீ. வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்று நொடி நீளமுள்ள ஒரு வாக்கியம் முடிவதற்குள் 66 மீட்டர் கடந்துவிடும். சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கும் வாய் அதற்குள் பின்னால் போயிருக்கும். தவறவிட்டால் அடுத்த வாயில் இறங்குவதுதான் சரி. ரிவர்ஸ் எடுப்பதும், எதிர்த்திசையில் வருவதும் நெடுஞ்சாலையில் உயிரோடு விளையாடுவது.

மூன்றாவது, கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பாதை தன் மேலேயே மடிந்து திரும்புகிறது. கீழ்ப்பாதையும் மேல்பாதையும் வரைபடத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும். ஒரு பக்கம் மலைச்சரிவு பாதி வானத்தை மறைக்கிறது. பாறையில் பட்டுத் தெறித்து வரும் சிக்னல் நீண்ட வழியில் வருவதால் தூரக் கணக்கு பிசகுகிறது. ஆக, நீங்கள் கீழ்ப்பாதையில் இருக்கும்போதே புள்ளி மேல்பாதைக்குத் தாவிவிடும். தாவியதும் செயலிக்கு நீங்கள் இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். 'யூ-டர்ன் எடுக்கவும்' என்று சொல்லும். அந்தப் பாதையில் யூ-டர்ன் எடுக்க இடமும் இல்லை, எடுக்கவும் கூடாது. ஓரிரு நூறு மீட்டரில் அது தானே திருத்திக்கொள்ளும்.

காரோடு வந்த நேவிகேஷன் இந்த இடத்தில் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொள்ளும். அதற்குச் சக்கரம் எத்தனை முறை சுற்றியது, வண்டி எவ்வளவு திரும்பியது என்ற தகவலும் கிடைக்கிறது. ஜிபிஎஸ் இல்லாத சில நூறு மீட்டரை அதை வைத்தே ஓட்டிவிடும். ஆனால் அதன் வரைபடம் பெரும்பாலும் பழையதாக இருக்கும். சர்வீஸ் சென்டரில் கேட்டு அப்டேட் செய்யாவிட்டால், ஐந்து ரோட்டில் பாலமே இல்லாத காலத்து வழியைச் சொல்லும் கார்களும் உண்டு.

நெரிசல் நிறம் எங்கிருந்து வருகிறது

திரையில் தெரியும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு எல்லாம் செயற்கைக்கோள் படத்திலிருந்து வருவதில்லை. அந்தச் சாலையில் போகும் மற்றவர்களின் போன்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் பெயரில்லாமல் அனுப்புகின்றன. அவற்றின் சராசரி வேகம்தான் நிறம். சேலத்தின் நான்கு ரோடு சந்திப்பில் போன்களுக்குப் பஞ்சமில்லை. அதனால் நிறம் பெரும்பாலும் சரி. மலைப்பாதையில் காலை நேரத்தில் சில கார்கள், இரண்டு பஸ், நாலைந்து பைக் என்றால் கணக்குக்கு ஆள் போதாது. நடுநடுவே போன் சிக்னலும் அறுந்துபோகும். நிறம் இல்லை என்றால் 'நெரிசல் இல்லை' என்று படிக்கக்கூடாது. 'தகவல் இல்லை' என்று படிக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது. செயலிக்குத் தெரிந்தது சாலை இருக்கிறதா என்பதுதான்; இன்று அதில் போக விடுகிறார்களா என்பது அல்ல. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே கட்டி முடிக்காத பாலத்திலிருந்து கார் ஒன்று ராமகங்கை ஆற்றில் விழுந்து மூவர் இறந்தார்கள். வழிகாட்டிச் செயலியை நம்பி அந்தப் பாலத்தில் ஏறியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கலாம். அடுத்த மாதமே, ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டது. இப்படிப்பட்ட நாட்களில் அடிவாரம் செக்போஸ்டில் போலீஸ் சொல்வதும், வானொலி, பத்திரிகை அறிவிப்பும்தான் செல்லும். செயலி சொல்வது செல்லாது.

கோடை விழா சமயத்திலும் இதே கதைதான். கூட்டத்தைச் சமாளிக்க அடிவாரம் வழி ஏறி குப்பனூர் வழி இறங்க வேண்டும் என்று ஒருவழி ஏற்பாடு செய்வதுண்டு. செயலியோ இறங்கும்போதும் அடிவாரம் வழியையே பிடித்துத் தொங்கும், ஏனென்றால் அஸ்தம்பட்டிக்கு அதுதான் குறுக்குவழி. இதற்கு வழி இருக்கிறது. சேலத்தைப் போய்ச் சேரும் இடமாகக் கொடுத்துவிட்டு, இடையில் நிறுத்தமாக, குப்பனூர் வழியில் உள்ள கொட்டச்சேட்டைச் சேர்த்துவிடுங்கள். அந்தப் பக்கம்தான் அது இழுத்துச் செல்லும். இடையில் 'இதைவிட வேகமான வழி உள்ளது' என்று அட்டை வந்தால் மறுத்துவிட வேண்டும். சும்மா விட்டால் சில சமயம் தானே மாற்றிக்கொள்ளும்.

ஏற்காட்டுக்குள் போன பிறகு இன்னொரு தொல்லை. காபி எஸ்டேட்டுகளுக்குள் ஓடும் பாதைகளும் வரைபடத்தில் சாலையாகவே தெரியும். பகோடா பாயின்டுக்கோ கிளியூர் அருவிக்கோ 'குறுக்குவழி' என்று அவற்றைக் காட்டினால், பஸ் போகும் ரோட்டையே பிடித்துச் செல்லுங்கள். எஸ்டேட் கேட் பூட்டியிருந்தால் குறுகலான சரிவில் பின்னோக்கி ஏற்ற வேண்டி வரும்.

போன் செயலியை அடக்கும் முறை

வேண்டியதை மட்டும் விட்டு வேண்டாததை நிறுத்துவது இங்கே நோக்கம். மொத்தமாக மியூட் செய்வது கடைசி வழி.

1. கூகுள் மேப்ஸில் வழிகாட்டுதல் ஓடும்போது திரையின் வலப்பக்கம் ஸ்பீக்கர் குறி இருக்கும். அதைத் தொட்டால் மூன்று நிலை: முழு ஒலி, எச்சரிக்கைகள் மட்டும், மியூட். நடுவில் உள்ளதுதான் பலருக்குத் தெரியாதது. அதில் 'வலதுபுறம் திரும்பவும்' போன்ற வழிச் சொற்கள் நின்றுவிடும். முன்னால் நெரிசல், விபத்து என்பவை மட்டும் ஒலிக்கும். தெரிந்த வழியில் போகும்போது இதுவே போதும்.

2. அமைப்புகளுக்குள் வழிசெலுத்தல் பகுதியில் குரலின் உரத்தை மெல்ல, சாதாரணம், உரக்க என்று மாற்றலாம். போனின் பொது ஒலி அளவைத் தொடாமலேயே பாட்டுக்கும் குரலுக்கும் உள்ள விகிதத்தை இங்கே சரிசெய்யலாம்.

3. அதே பகுதியில் 'அழைப்பின்போது குரல்' என்பதை அணைத்துவிடுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டு குரல் மோதினால் இரண்டும் புரியாது. ஓட்டும்போது பேசாமல் இருந்தால் இந்த அமைப்பே தேவையில்லை, அது வேறு விஷயம்.

4. 'விபத்து இன்னும் இருக்கிறதா?' என்று கேட்கும் அட்டையைத் தொட வேண்டியதில்லை. சில நொடியில் தானே மறைந்துவிடும்.

5. வேஸ் செயலியில் ஒவ்வொரு வகை எச்சரிக்கைக்கும் தனித்தனிச் சுவிட்ச் உண்டு. வரைபடத்தில் காட்டு, ஓட்டும்போது ஒலி கொடு என்ற இரண்டையும் தனியாகப் பிரிக்கலாம். பள்ளம், ஓரத்தில் நிற்கும் வண்டி போன்றவற்றைப் படமாக மட்டும் வைத்துக்கொண்டு ஒலியை விலக்குவது நல்ல ஏற்பாடு. மேப்பிள்ஸ் செயலியும் ஸ்பீடு பிரேக்கர், கூர்வளைவு என்றெல்லாம் சொல்லும்; சேலம் உள்ளூர்த் தெருக்களில் இது ஓயாமல் பேசும், நெடுஞ்சாலையில் பயன்படும்.

6. வாட்ஸ்அப் மணியும் மற்ற அறிவிப்புகளும் வழிகாட்டியின் வேலை அல்ல. போன் செயலிகளைக் காரின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோவின் அமைப்பில் செய்தி அறிவிப்புகளை அணைக்கலாம். ஐபோனில், அறிவிப்புகளை அடக்கிவைக்கும் ஓட்டுநர் ஃபோகஸ் நிலையை காரின் புளூடூத் இணைந்தவுடன் தானே தொடங்கும்படி வைக்கலாம். வழிகாட்டிக் குரல் இதனால் நிற்காது.

ஏற்காட்டுக்குக் கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் சேலம் – ஏற்காடு பகுதியின் ஆஃப்லைன் வரைபடத்தை இறக்கிவிடுங்கள். சிக்னல் போனாலும் வழி தெரியும். நெரிசல் நிறமும் மாற்று வழியும் மட்டும் அப்போது கிடைக்காது.

ஸ்டீரியோவில் வரும் கோளாறுகள்

வழிகாட்டி 'வேலை செய்யவில்லை' என்று சொல்லப்படுபவற்றில் பாதி, ஒலி போகும் பாதையில் வரும் சிக்கல்.

குரலே கேட்கவில்லை: ஸ்டீரியோ எஃப்எம்மில் அல்லது பென்டிரைவில் ஓடுகிறது, குரலோ புளூடூத் வழியே போகிறது. சில ஸ்டீரியோக்கள் புளூடூத் மூலத்தைத் தேர்ந்திருந்தால்தான் அதை ஒலிக்கும். செயலியில் 'புளூடூத் வழி குரல்' என்பதை அணைத்தால் போனின் சொந்த ஸ்பீக்கரில் பேசும். மற்றொரு வழி, குரலை போன் அழைப்பைப் போல அனுப்பும் அமைப்பு; அது எஃப்எம்மை நிறுத்திவிட்டுப் பேசும், ஆனால் ஒவ்வொரு முறையும் திரையில் அழைப்பு வந்ததுபோல் காட்டும்.

முதல் சொல் விழுங்கப்படுகிறது: பாட்டு ஓடாதபோது புளூடூத் இணைப்பு தூங்கிவிடுகிறது. குரல் வந்ததும் விழித்தெழ அரை நொடி வரை ஆகலாம். அந்த அரை நொடியில் காணாமல் போவது 'வலதுபுறம்' என்ற சொல்லாக இருந்தால், காதில் விழுவது 'திரும்பவும்' மட்டும். மெல்லிய ஒலியில் பாட்டை ஓடவிட்டால் இணைப்பு விழித்தே இருக்கும். கேபிளில் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ, ஐபோனுக்கான கார்பிளேயோ போட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

குரலின் ஒலியைக் கூட்டவே முடியவில்லை: பெரும்பாலான கார்களில் வழிகாட்டிக் குரலுக்குத் தனி ஒலி அளவு உண்டு. குரல் பேசிக்கொண்டிருக்கும்போது குமிழைத் திருப்பினால் அது மாறும். பேசாதபோது திருப்பினால் பாட்டின் அளவுதான் மாறும். 'குரல் திடீரென்று செத்துப்போச்சு' என்று கொண்டுவரப்படும் வண்டிகளில் அடிக்கடி நடந்திருப்பது இதுதான்: பாட்டைக் குறைக்கிறோம் என்று நினைத்து, குரல் பேசிய அந்த நொடியில் அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோயிருப்பார்கள். வண்டியை ஓரமாக நிறுத்தி, செயலியில் சோதனை ஒலியை ஓடவிட்டு, அது ஒலிக்கும்போதே குமிழைத் திருப்புங்கள்.

'டிஏ' பட்டன்

ஐரோப்பாவில் எஃப்எம் அலையோடு சேர்த்து, காதுக்குக் கேட்காத 57 கிலோஹெர்ட்ஸ் துணை அலையில் சிறு தகவல்களையும் அனுப்புவார்கள். நிலையத்தின் பெயர் திரையில் தெரிவது அதனால்தான். ஆர்டிஎஸ் என்பது அதன் பெயர். அந்தத் தகவலில் இரண்டு அடையாளங்கள் உண்டு. 'இந்த நிலையம் போக்குவரத்துச் செய்தி சொல்லும்' என்பது ஒன்று. 'இதோ, இப்போது சொல்கிறது' என்பது இன்னொன்று. டிஏ பட்டனை இயக்கி வைத்தால், நீங்கள் பென்டிரைவில் பாட்டுக் கேட்டாலும், இரண்டாவது அடையாளம் வந்ததும் ரேடியோ குறுக்கிட்டுச் செய்தியைச் சொல்லிவிட்டுப் பழைய இடத்துக்குத் திரும்பும். ஒலியும் தனி அளவில் சற்று உரக்கவே வரும்.

நம் ஊர்ப் பண்பலைகள் அந்த அடையாளத்தைப் போட்டுப் போக்குவரத்துச் செய்தி சொல்வதில்லை. ஆகவே இங்கே டிஏ இயக்கத்தில் இருப்பதால் எந்தப் பயனும் இல்லை. தொல்லை மட்டும் உண்டு. சில ஸ்டீரியோக்கள் போக்குவரத்து நிலையத்தைத் தேடித் தாமாகவே அலைவரிசையை மாற்றும், அல்லது கிடைக்கவில்லை என்று பீப் அடிக்கும். பட்டனை ஒருமுறை அமுக்கி, திரையில் டிஏ எழுத்து மறைகிறதா என்று பாருங்கள். பட்டன் இல்லையென்றால் ரேடியோ அமைப்பு மெனுவில் இருக்கும். அதன் பக்கத்திலேயே இருக்கும் 'ஏஎஃப்' என்பதையும் மலைப்பாதையில் அணைத்துவிடலாம். சிக்னல் குறையும்போது அதே நிலையத்தை வேறு அலைவரிசையில் தேடுவது அதன் வேலை. வளைவுக்கு வளைவு சிக்னல் போய் வரும் இடத்தில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

காரின் சொந்த எச்சரிக்கைகள்

2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணியர் கார்களில் ஓட்டுநர் ஏர்பேக், முன் இருக்கை இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் ஆகியவை கட்டாயம். வேக எச்சரிக்கை 80 கி.மீ. தாண்டினால் விட்டுவிட்டு ஒலிக்கும். 120 தாண்டினால் இடைவிடாமல் ஒலிக்கும். ஓமலூர் தாண்டி தேசிய நெடுஞ்சாலை 44-ல் போகிறவர்களுக்கு இந்த ஒலி நன்றாகவே பழகியிருக்கும்.

இதை அணைக்க மெனு கிடையாது. 80-க்கு மேல் போகாமல் இருப்பது ஒன்றே வழி. பலர் கேட்கும் சந்தேகம்: மீட்டர் 80 காட்டும்போது மேப்ஸ் 76 காட்டுகிறதே, எது சரி? காரின் மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக்கூடாது என்பது விதி. டயர் தேய்மானம், அளவு மாற்றம் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு நிறுவனங்கள் சற்றுக் கூட்டியே காட்டும்படி வைக்கின்றன. சமதளத்தில் சீரான வேகத்தில் போகும்போது ஜிபிஎஸ் எண் உண்மைக்கு நெருக்கம். கொண்டை ஊசி வளைவில் அதே எண்ணை நம்பக்கூடாது. அங்கே அது ஓரிரு நொடி பின்தங்கி வரும்.

ஒயரை வெட்டி இந்த ஒலிகளை நிறுத்தித் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. பல கார்களில் வேக பீப், பெல்ட் பீப், இண்டிகேட்டர் சத்தம் எல்லாம் ஒரே சிறு ஸ்பீக்கரில் வருகின்றன. ஒன்றை வெட்டினால் எல்லாம் போகும். கதவு திறந்திருப்பதுகூடத் தெரியாது. வாரன்டியும் கேள்விக்குள்ளாகும். பெல்ட் ஒலியை நிறுத்த பக்கிளில் செருகும் போலிக் கிளிப்புகளை இணையச் சந்தைகளிலிருந்து நீக்க 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெல்ட் போடாதவரை ஏர்பேக் காப்பாற்றும் என்று நம்பித்தான் அந்தக் கிளிப்பை வாங்குகிறார்கள். பெல்ட் பிடித்து நிறுத்தியிருக்கும் உடலுக்காக வடிவமைத்தது ஏர்பேக். முன்னால் பாய்ந்து வரும் உடலுக்கு அதுவே அடி.

ஏடாஸ் ஒலிகள் கதை வேறு. இவற்றை மெனுவில் குறைக்கலாம், சிலவற்றை நிறுத்தலாம். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. வளைவில் கேமரா நேரே பார்க்கிறது. எதிரே தெரியும் தடுப்புச் சுவரையோ, எதிரில் இறங்கி வரும் பஸ்ஸையோ 'மோதப் போகிறது' என்று எடுத்துக்கொள்ளும். கோடு தாண்டும் எச்சரிக்கை பல கார்களில் 60 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் இயங்கும். மலையில் அது பேசாது. முன்பக்க பார்க்கிங் சென்சார், பைக் ஒட்டி வந்தால் கத்தும். டேஷ்போர்டில் 'பி' எழுத்தும் முக்கோணமும் உள்ள பட்டனால் அதை நிறுத்தலாம். மோதல் எச்சரிக்கையை அணைக்காமல் ஒலி அளவை மட்டும் குறைப்பதும், எச்சரிக்கும் நேரத்தைத் 'தாமதம்' என்று வைப்பதும் போதும். தொப்பூர் கணவாயில் முன்னால் போகும் லாரி பிரேக் அடிக்கும்போது முதலில் சொல்வது அதுதான்.

மலை ஏறும் முன்

கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநருக்கு உண்மையில் தேவையான ஒலி காருக்குள் இல்லை. எதிர்ப்பக்க வண்டியின் ஹாரன்தான் அது. வளைவின் மறுபக்கம் பஸ் வருகிறதா என்பதைச் சொல்லும் செயலி எதுவும் கிடையாது. ஏற்காடு பாதையில் ஓட்டும் பஸ், லாரி ஓட்டுநர்கள் வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, பதில் வருகிறதா என்று கேட்டுத் திரும்புவார்கள். கண்ணாடி முழுக்க ஏற்றி, ஏசி உச்சத்தில், பாட்டோடு குரலும் சேர்ந்தால் அந்தப் பதில் காதில் விழாது.

இன்னொன்றும் உண்டு. அடிவாரம் முதல் ஏற்காடு ஏரி வரை மலைப்பாதை ஒன்றே. வழி சொல்ல அங்கே எதுவும் இல்லை. ஆகவே அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டி இவற்றைச் செய்துகொள்ளலாம்:

1. செயலியை 'எச்சரிக்கைகள் மட்டும்' நிலைக்கு மாற்றுங்கள்.
2. பாட்டை நிறுத்துங்கள், அல்லது பின்சீட்டில் பேசினால் கேட்கும் அளவுக்குக் குறையுங்கள்.
3. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியை இரண்டு விரல் இடைவெளிக்கு இறக்குங்கள்.
4. டிஏ, ஏஎஃப் இரண்டையும் அணையுங்கள்.

ஏரிக்கு வந்ததும் குரலைத் திரும்ப இயக்கிக்கொள்ளலாம். ஊருக்குள் கிளைச்சாலைகள் பல. இறங்கும்போது இன்னும் கவனம் தேவை. 'வந்து சேரும் நேரம்' திரையில் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து வேகம் கூட்டுகிறவர்கள் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், ஏறி வரும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்ற இரண்டு விதிகளும் அந்த நேரக் கணக்கில் சேரவில்லை.

மழைக்காலத்தில் போனில் வரும் பேரிடர் எச்சரிக்கையை மட்டும் அணைக்காதீர்கள். செல் பிராட்காஸ்ட் முறையில், அதாவது ஒரு பகுதியில் உள்ள எல்லா போன்களுக்கும் ஒரே நேரத்தில், அனுப்பப்படும் அந்த ஒலி, போன் சைலன்ட்டில் இருந்தாலும் சைரன் போல அலறும். ஓட்டும்போது கேட்டால் திடுக்கிடும். படிக்க வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். மண் சரியும் பருவத்தில் மலைப்பாதையில் இருப்பவருக்கு அது தேவையான அலறல்.

சட்டம் என்ன சொல்கிறது

ஓட்டும்போது போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலில் அடங்கும். 2019 திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்கிறது; ஓட்டுநரின் கவனம் சிதறக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஸ்டாண்டில் பொருத்திய போன் வழி காட்டுவது இதில் வரும். ஓட்டிக்கொண்டே கையிலெடுத்து மியூட் செய்வது வராது. ஸ்டாண்டை ஏர்பேக் விரியும் இடத்திலும், சாலையை மறைக்கும்படி கண்ணாடியின் நடுவிலும் பொருத்தாதீர்கள். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்து ஏசி துவாரத்தின் உயரம் சரியாக இருக்கும், ஏப்ரல், மே வெயிலில் போன் சூடாகி அணைந்துபோகாமல் காற்றும் படும்.